போட் டூரும் நான் தப்பா போட்ட ஒரு மார்க்கும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்,

மார்ச் மாசம் ரெண்டாவது சனிக்கிழமை ஸ்கூல்ல இருந்து போட் டூர் போறோம், பசங்க மட்டும் இல்ல, வீட்டோட வாங்கன்னு கூப்பிடத்தான் இந்த லெட்டர். அப்பா, அம்மா, ஆயா, தாத்தா, யாராச்சும் ஒரு பெரியவங்க ஒவ்வொரு பிள்ளை கூடவும் கண்டிப்பா வரணும்.

இது எப்படி ஆரம்பிச்சுதுன்னு சொல்லிடுறேன், ஏன்னா தப்பு என்னோடது. போன மாசம் அஞ்சாம் கிளாஸ் டீச்சர் லீவு, நான் போய் உக்காந்தேன், கடல்ல இருக்கிறது ஏதாச்சும் ஒண்ணு வரைங்கடான்னேன். ஒரு பையன் சிங்கி எறா, அதாங்க லாப்ஸ்டர், வரைஞ்சிருந்தான், முன்னாடி கொடுக்கே இல்ல, அதுக்கு பதிலா உடம்ப விட நீளமா ரெண்டு மீசை, முள்ளு முள்ளா. கொடுக்கு எங்கடான்னு கேட்டுட்டு ரெட் இங்க்ல தப்பு போட்டுட்டேன். அவன் ஒண்ணும் பேசல. மறுநாள் காலைல மீன் பிடிக்கிற அவங்க அப்பா காசிமேடு ஹார்பர்ல இருந்து நேரா வந்துட்டாரு, கையில கவர், கவருக்குள்ள உசுரோட ஒரு சிங்கி. "மேடம், கொடுக்கு எங்க இருக்குன்னு நீங்களே பாத்து சொல்லுங்க"ன்னாரு. பாத்தேன். இல்ல. தண்டையார்பேட்டைல பொறந்து வளந்தவ நான், எறா தொக்கு சாப்பிட்டே பெரியவளானவ, ஆனா சிங்கியோட விலை நம்ம வீட்டுக்கு எப்பவும் எட்டுனதில்ல, அதான் கார்ட்டூன்ல வர்றத பாத்தே மனசுல ஒரு உருவம் வச்சிருந்தேன் போல. பையனுக்கு மார்க்க திருத்தி, சாரியும் சொன்னேன்.

கார்ட்டூன்ல வர்ற அந்த பெரிய கொடுக்கு வச்ச சிங்கி அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் கிழக்கால இருக்கிற குளுந்த கடல்ல வாழுறது. அங்க மெயின்னு ஒரு மாநிலம், அதுல டூரிஸ்டுங்கள போட்ல ஏத்தி, சிங்கி பிடிக்க கடலுக்குள்ள போட்ட கூண்ட தூக்கி காட்டுவாங்க, அந்த வீடியோவ பசங்களுக்கு போட்டு காட்டுனேன். கூண்டுல வந்ததோட முதுகு ஓட்ட அளவுகோல் வச்சு அளப்பாங்க, மூணேகால் இஞ்ச்சுக்கு கம்மின்னா கடல்லயே போட்டுடணும், அஞ்சு இஞ்ச்சுக்கு மேல போனாலும் போட்டுடணும். வயித்துல முட்டையோட ஒண்ணு வந்தா வால் துடுப்புல வி மாதிரி சின்னதா ஒரு வெட்டு போட்டு விட்டுடுவாங்க, அடுத்த வருஷம் அது வேற யார் கூண்டுல விழுந்தாலும் அந்த வெட்ட பாத்துட்டு திரும்ப விடணும். இத கேட்டுட்டு அந்த அப்பா சொன்னாரு, நம்ம பக்கம் எடை கணக்கு மேடம், ஏற்றுமதிக்கு வாங்குறவங்க 200 கிராமுக்கு கீழ இருந்தா எடுக்க கூடாதுன்னு ரூல் இருக்குன்னு. நம்ம சிங்கிலயே பல ஜாதி இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு எடை, அவர் சொன்னது நெறைய கிடைக்கிற ஜாதிக்கு. சினை சிங்கிய எல்லாரும் திரும்ப விடுறாங்களான்னு கேட்டேன், சிரிச்சாரு. நான் மேல கேக்கல, பசங்க கேக்கட்டும்.

வீடியோல சீல் வேற வந்துடுச்சு, அதுல இருந்து ஒரே தொல்லை, மிஸ் சீல் காட்டுவீங்களா சீல் காட்டுவீங்களான்னு. தயவு செஞ்சு வீட்லயே சொல்லி கூட்டிட்டு வாங்க, நம்ம கடல்ல சீல் கிடையாது. அது மீனும் இல்ல, நம்மள மாதிரி மூச்சு விட்டு குட்டிக்கு பால் குடுக்கிற ஜீவன், மெயின் பக்கம் பாறை மேல வெயில் காஞ்சிட்டு கிடக்கும். தமிழ்நாட்டுல அது மாதிரி கடல்ல இருந்துகிட்டே பால் குடுக்கிறதுன்னா ஓங்கில், அதாவது டால்பின் இருக்கு, பாக் விரிகுடால கடல் புல்ல மேயுற ஆவுளியா, அதாவது கடல்பசு இருக்கு, ஆவுளியாவுக்கு சொந்தக்காரன் சீல் இல்ல, யானை! ஆவுளியாவ காப்பாத்த 2022ல அரசாங்கம் 448 சதுர கிலோமீட்டர ஒதுக்குச்சு. அன்னைக்கு இது எதையும் பாப்போம்னு நான் ப்ராமிஸ் பண்ணல.

சரி, ப்ளான். விடியக்காலை அஞ்சு மணிக்கு ஸ்கூல் கேட், அங்கிருந்து காசிமேடு, ஏலம் நடக்கிறத ஓரமா நின்னு பாக்கலாம், சிங்கி வந்திருந்தா அந்த அப்பா எடுத்து காட்டுவாரு. அப்புறம் பஸ்ல முட்டுக்காடு, சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1984ல இருந்து நடத்துற போட் ஹவுஸ். அது பின்நீர், கடல் தண்ணி உள்ள ஏறி நிக்கிற இடம், அங்க சிங்கி கிடைக்காதுன்னு மீன்பிடிக்கிறவங்க சிரிப்பீங்க, தெரியும். ஆனா சாதா எறா குஞ்சுங்க வளர்றது இந்த மாதிரி கழிமுகத்துல தான், சிங்கியோட குஞ்சோ கண்ணாடி மாதிரி, எலை மாதிரி தட்டையா மாசக்கணக்கா நடுக்கடல்ல மிதந்துட்டு தான் கரைப்பக்கம் பாறைக்கு வரும், ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்த போட்ல உக்காந்து சொன்னா மண்டைல ஏறும்.

சில பேர் எங்க போட்லயே கூட்டிட்டு போறோம் மேடம், காசு வேணாம்னீங்க. மனசுக்கு நன்றி, ஆனா மீன்பிடி போட்ல பிள்ளைங்கள ஏத்த நான் ஒத்துக்க மாட்டேன். 2011ல கிறிஸ்மஸ் அன்னைக்கு பழவேற்காட்டுல போட் கவுந்து 22 பேர் செத்துப் போனாங்க, சொந்தக்காரங்க எல்லாம் ஒண்ணா ஊர் சுத்த வந்தவங்க. லைஃப் ஜாக்கெட் போடாதவங்க யாரா இருந்தாலும் கரைல தான் நிப்பீங்க, நீச்சல் தெரியும்னு எந்த அப்பாவும் என்கிட்ட வாதாட வேணாம். போட்ல நின்னு செல்ஃபி எடுக்கிறதும் கிடையாது.

பஸ் செலவு ஸ்கூலோடது, பிள்ளைங்க போட் டிக்கெட்டும் தான், பெரியவங்க டிக்கெட் மட்டும் நீங்க கவுண்டர்ல எடுத்துக்கணும், முடியலன்னா என்கிட்ட தனியா சொல்லுங்க, யாருக்கும் தெரியாது. தொப்பி, தண்ணி பாட்டில், மாத்து துணி ஒரு செட், வாந்தி வர்ற பிள்ளைக்கு ஒரு கவர். இட்லியோ புளிசாதமோ கட்டிட்டு வாங்க. ஏப்ரல் 15ல மீன்பிடி தடைக்காலம் ஆரம்பிச்சுடும், 61 நாளைக்கு ஹார்பர்ல விசைப்படகு எல்லாம் கட்டியே கிடக்கும், அதனால தேதிய தள்ளிப்போட முடியாது. வர்றவங்க பேர வெள்ளிக்கிழமைக்குள்ள கிளாஸ் டீச்சர்கிட்ட குடுத்துடுங்க.

கடலுக்கு போற அப்பாங்க கண்டிப்பா வரணும், அன்னைக்கு எங்க டீச்சருங்களும் உங்ககிட்ட கத்துக்க தான் வர்றாங்க, நோட்டோட.

இப்படிக்கு,
உங்கள் தலைமையாசிரியை