பெடலுக்குள் 200 வோல்ட்: கைகொடுத்த பெங்களூரு நண்பர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஐயாவுக்கும், அண்ணன்மாருக்கும், தங்கைக்கும்,

வணக்கம். அல்சூர் பாடகர் குழுவின் ஓவர்டிரைவ் பெடல், அதாவது கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் கால்மிதிப் பெட்டி, மறுபடி பாடத் தொடங்கிவிட்டது. தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள் என்று சொல்லாமல் நீங்கள் ஆளுக்கொரு கை கொடுத்தீர்கள். ஆனால் ஒருவர் செய்த வேலையை மற்றவர் பார்க்கவில்லை. நீங்கள் சொன்ன சொல் பெட்டிக்குள் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அதனால்தான் பாகம் பாகமாகச் சொல்லி நன்றி சொல்கிறோம்.

பெடல் வந்தபோது இருந்த நிலை: 9 வோல்ட் டிசி கேட்கும் இடத்தில் யாரோ 12 வோல்ட் ஏசி அடாப்டரைச் செருகியிருந்தார்கள். காப்புக்கு என்று சப்ளைக்குக் குறுக்கே ஒரே ஒரு டயோடு. எதிர்த் திசை அரைச் சுற்று வரும்போதெல்லாம் அது ஷார்ட்டாக நின்று சூடேறி, கடைசியில் வெடித்துத் திறந்துகொண்டது. பிறகு ஏசி நேராக உள்ளே போயிற்று. 220 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் தலை பிளந்து, 4558 ஐசி விரிசல் விட்டு, செம்புத் தடம் போர்டிலிருந்து தோல் மாதிரி உரிந்திருந்தது. மிஞ்சியவை அலுமினியப் பெட்டி, இரண்டு ஜாக், 500 கிலோ ஓம் பாட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்), ஒன்பது கால் ஃபுட் ஸ்விட்ச் ஆகியவை மட்டும். பழைய போர்டை ஒட்டுப்போடுவதைவிட வால்வு (பழைய ரேடியோக்களில் இருந்த கண்ணாடிக் குழாய்) வைத்துப் புதிதாகக் கட்டுவது மேல் என்று முடிவானது.

ஜாலஹள்ளி பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயாவுக்கு முதல் வணக்கம். பெல் ஒரு காலத்தில் ரேடியோ வால்வுகள் செய்த இடம். அந்த அனுபவம் உங்கள் விரல் நுனியில் இருக்கிறது. 12ஏஎக்ஸ்7, அதாவது இசிசி83 வால்வின் பிளேட்டுக்கு (பெருகிய சிக்னல் வெளிவரும் தகட்டுக்கு) 12 வோல்ட் கொடுத்து ஓட்டும் சுலபமான சர்க்யூட்டைத்தான் முதலில் வரைந்திருந்தோம். அதை ஓரமாக வைக்கச் சொன்னது நீங்கள்தான். அந்த வோல்டேஜில் மின்னோட்டம் மிகச் சொற்பம். உள்ளே சூடேற்றும் கம்பியான ஹீட்டர் அழகாகச் சிவந்து எரியும். ஆனால் சத்தத்தின் குணத்தை உண்மையில் பக்கத்தில் வைக்கும் ஐசிதான் முடிவு செய்யும். 200 வோல்ட் கொடுத்தால் வால்வே வேலை செய்யும். அந்த ஒரு பேச்சால் மொத்த வேலையின் திசையே மாறியது.

நீங்கள் கணக்குப் போட்டுக் கொடுத்த மதிப்புகளில் இன்றுவரை ஒன்றைக்கூட மாற்றவில்லை. ஒரே வால்வுக்குள் இருக்கும் இரண்டு பாதிக்கும் பிளேட்டில் 100 கிலோ ஓம், எலக்ட்ரான் கிளம்பும் கேதோடில் 1.5 கிலோ ஓம். 200 வோல்ட் சப்ளையில் ஒரு பாதிக்கு ஏறத்தாழ 0.7 மில்லி ஆம்பியர். எனவே பிளேட்டில் 130 வோல்ட்டை ஒட்டியும் கேதோடில் 1 வோல்ட்டுக்குச் சற்று மேலும் வர வேண்டும். முதல் முறை ஆன் செய்தபோது மீட்டர் காட்டியது 128, 1.08. வால்வின் கால்களில் (பின்) 1, 6 பிளேட். 2, 7 கிரிட் (சிக்னல் நுழையும் வலை). 3, 8 கேதோடு. ஹீட்டருக்கு 4, 5. ஒன்பதாம் பின்னை எதனோடும் சேர்க்காமல் விட்டால் ஹீட்டர் 12.6 வோல்ட், 150 மில்லி ஆம்பியர்.

இரண்டாம் பாதியின் கிரிட்டுக்கு முன்னால் 470 கிலோ ஓம் போட்டிருந்தோம். பெரிய சிக்னல் வரும்போது கிரிட் மின்னோட்டம் இழுத்து, கப்ளிங் கெப்பாசிட்டர் சார்ஜாகி, ஒலி அடைத்து அடைத்து வருவதைத் தடுக்க அது வேண்டும். ஆனால் பிளேட்டுக்கும் கிரிட்டுக்கும் இடையே வால்வுக்குள்ளேயே இருக்கும் 1.6 பிக்கோ ஃபாரட், வால்வு சிக்னலைப் பெருக்கும் மடங்கால் தானும் பெருகிக் கிரிட்டுக்குச் சுமார் 100 பிக்கோ ஃபாரடாகத் தெரியும் என்று ஐயா சுட்டிக் காட்டினீர்கள். 470 கிலோவோடு அது 3.4 கிலோ ஹெர்ட்ஸிலேயே மேல் ஒலியை வெட்டிவிடும். 220 கிலோவாக்கியதும் வெட்டு 7 கிலோ ஹெர்ட்ஸுக்குப் போயிற்று, அடைப்பும் வரவில்லை. கிட்டாரின் பளிச்சு திரும்பி வந்தது அங்கேதான்.

எஸ்.பி. ரோட்டு உதிரிபாகக் கடை அண்ணாவுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். கேட்டதை எடுத்துக் கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கலாம். நீங்கள் எதற்கு என்று கேட்டீர்கள். 12 வோல்ட்டை 215 வோல்ட்டாக ஏற்றும் பூஸ்ட் சர்க்யூட் என்றதும், பட்டியலில் இருந்த 1என்4007ஐ அடித்துவிட்டு யூஎஃப்4007 என்று எழுதினீர்கள். இரண்டுமே 1000 வோல்ட், 1 ஆம்பியர். பார்க்கவும் ஒரே மாதிரி. ஆனால் 1என்4007 என்பது 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸுக்குப் பிறந்தது. 30 கிலோ ஹெர்ட்ஸில் அது மூடவே நேரமாகும். ஏற்றிய வோல்டேஜ் அதே வழியில் திரும்பி ஓடி டயோடைச் சுட்டுவிடும். யூஎஃப் வகை 75 நானோ வினாடியில் மூடிக்கொள்ளும்.

அதே பட்டியலில் இன்னொரு திருத்தமும் செய்தீர்கள். அடாப்டர் தலைகீழாக வந்தால் காக்க, சப்ளையோடு தொடராக ஒரு டயோடு. அதற்கு 1என்5819 கொடுத்தீர்கள். சாதாரண டயோடு 0.8 வோல்ட் தின்றால் ஹீட்டருக்கு 11.2 வோல்ட்தான், 10 சதவீத எல்லைக்கு வெளியே. இந்த ஷாட்கி வகை டயோடு 0.3 வோல்ட்தான் எடுக்கும், 11.7 வோல்ட் வால்வுக்குப் போதும். ஃபியூஸ் 500 மில்லி ஆம்பியர் ஸ்லோ ப்ளோ. குளிர்ந்த ஹீட்டர் முதல் நொடியில் பல மடங்கு மின்னோட்டம் இழுப்பதால் வேக ஃபியூஸ் நிற்காது. அதே காரணத்தால் அடாப்டரும் 1 ஆம்பியர். மறுபடி கேட்கிறவர்கள் 500 மில்லி ஆம்பியர் அடாப்டர் வாங்கிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணா.

இன்னொன்று: கால் வாட் ரெசிஸ்டருக்கு வாட் மட்டுமல்ல, வோல்ட் எல்லையும் உண்டு. பெரும்பாலானவை 250 வோல்ட்டோடு நின்றுவிடும். அதனால் 215 வோல்ட்டை அளந்து பார்க்கும் ரெசிஸ்டர் வரிசையின் மேல் கையில் 220 கிலோ ஓம், அரை வாட், இரண்டைத் தொடராகப் போட்டோம். கீழ்க்கையில் 1 கிலோ ஓமும் 1 கிலோ பிரீசெட்டும் (ஸ்க்ரூடிரைவரால் திருப்பி மாற்றும் ரெசிஸ்டர்). பிரீசெட்டின் சும்மா இருக்கும் காலை நடுக்காலோடு சேர்த்துவிடுங்கள்: உள்ளே தொடர்பு விட்டுப்போனாலும் எதிர்ப்பு கூடி வோல்டேஜ் இறங்குமே தவிர ஏறாது.

சிக்பேட்டைப் பக்கம் காயில் சுற்றும் பெரியவரே, உங்கள் பட்டறையில்தான் பாதிப் பெடல் பிறந்தது. நாங்கள் கொண்டுவந்தது ஃபில்டரிலிருந்து கழற்றிய சாதாரண ஃபெரைட் வளையம். அதில் இடைவெளி இல்லை. கொஞ்சம் மின்னோட்டத்திலேயே அதன் காந்தம் நிறைந்துவிடும். நிறைந்ததும் காயில் வெறும் கம்பியாகி, மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மோஸ்ஃபெட்டான ஐஆர்எஃப்740 கொதிக்கும். கையில் வாங்கிய உடனே அதை ஓரம் வைத்துவிட்டு, பழைய கம்ப்யூட்டரின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து எடுத்த மஞ்சள் வெள்ளை இரும்புத்தூள் வளையத்தை எடுத்தீர்கள். 27 மில்லி மீட்டர் வளையத்தில் 33 சுற்று, 100 மைக்ரோ ஹென்றி. முதல் அடுக்கு முடிந்ததும் சுற்று தளராமல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு வார்னிஷ் தடவினீர்கள். அந்தக் காயில் இன்றும் கைபொறுக்கும் சூட்டில்தான் இருக்கிறது.

பூஸ்ட் சர்க்யூட்டிலிருந்து வந்த விசில் சத்தம் பற்றியும் நீங்கள் சொன்னதே சரி. துடிப்புத் தரும் டைமர் ஐசியான 555 ஒவ்வொரு துடிப்புக்கும் 20 மைக்ரோ வினாடி மோஸ்ஃபெட்டைத் திறந்து வைத்திருந்தது. அதற்குள் காயிலில் 2.4 ஆம்பியர் ஏறிவிடும். நம் தேவை அரை வாட்டுக்கும் குறைவு. ஆக ஒரே துடிப்பில் தேவைக்கு மேல் போய்ச் சேர்ந்து, வோல்டேஜைக் கண்காணிக்கும் டிரான்சிஸ்டரான பிசி547, 555இன் ரீசெட் காலை இழுத்து நிறுத்திவிட, நொடிக்கு 2000 தடவைதான் துடிப்பு. 2 கிலோ ஹெர்ட்ஸ் நம் காதுக்கு நடுவே அல்லவா! 555இன் ஆறாம் ஏழாம் கால்களுக்கு இடையே உள்ள 39 கிலோ ஓமுக்குக் குறுக்கே 1என்4148 டயோடு, மேலே 8.2 கிலோ ஓம், 1 நானோ ஃபாரட் என்று மாற்றித் திறப்பு நேரத்தை 6 மைக்ரோ வினாடியாக்கினோம். உச்ச மின்னோட்டம் 0.7 ஆம்பியருக்கு இறங்கிற்று. துடிப்பு 20 கிலோ ஹெர்ட்ஸைத் தாண்டியது, விசில் போய்விட்டது. இதே காரணத்தால், அளக்கும் கை அறுந்துபோனாலும் சர்க்யூட் தள்ளக்கூடிய சக்தி ஒரு வாட்டைத் தாண்டாது.

555க்கும் மோஸ்ஃபெட்டுக்கும் 12 வோல்ட்டே வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம். 9 வோல்ட்டில் 555 தரும் 7.5 வோல்ட் இந்த மோஸ்ஃபெட்டை முழுதாகத் திறக்காது. பழைய 9 வோல்ட் அடாப்டரைச் செருகிப் பார்க்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள்.

லேஅவுட் வரைந்த தங்கைக்கு: நீ காகிதத்தில் சிவப்புப் பேனாவால் போட்ட அந்த ஒற்றைப் புள்ளிதான் பெடலின் அமைதிக்குக் காரணம், அம்மா. ஹீட்டர், பூஸ்ட் சர்க்யூட், கிட்டார் சிக்னல் மூன்றின் கிரவுண்டும் தனித்தனிக் கம்பியாக டிசி ஜாக்குக்கு வந்து அங்கே மட்டும் சேர வேண்டும் என்றாய். ஒரே கம்பியில் வந்தால் என்ன ஆகும்? கம்பியின் எதிர்ப்பு 20 மில்லி ஓம் என்றே வைத்துக்கொள்வோம். அதில் 0.7 ஆம்பியர் துடித்தால் 14 மில்லி வோல்ட். கிட்டார் பிக்கப்பே 100 மில்லி வோல்ட் அளவுதான் தருகிறது. அந்தக் குப்பை முதல் கிரிட்டில் சேர்ந்து 50 மடங்கு பெருகினால் வேறு எதுவும் காதில் விழாது. பூஸ்ட் சர்க்யூட்டுக்கும் வால்வுக்கும் இடையே 10 கிலோ ஓம், 22 மைக்ரோ ஃபாரட் 350 வோல்ட் வைத்ததும் உன் யோசனையே. அதில் விழும் 14 வோல்ட்டைச் சேர்த்துத்தான் 215 என்று வைக்கிறோம். கிரிட் ரெசிஸ்டரைப் போர்டில் வைக்காமல் சாக்கெட் பின்னிலேயே பற்றவைத்ததால் ஊளையும் இல்லை.

பிசி547ஐ வால்வுக்கு எதிர் மூலையில் வைத்ததற்குத் தனி நன்றி. சூடு ஒரு டிகிரி ஏறினால் அதன் பேஸ் வோல்டேஜ் 2 மில்லி வோல்ட் இறங்கும். பெட்டியின் சூடு 30 டிகிரி கூடினால் 60 மில்லி வோல்ட். அதாவது 215 வோல்ட் 195 ஆகிவிடும். அதனால் மூடியை மூடி 20 நிமிடம் ஓடவிட்டு, திறந்த உடனே பிரீசெட்டைத் திருப்பி 215க்கு வைக்க வேண்டும்.

பீன்யா லேத் பட்டறை அண்ணா, சாக்கெட்டுக்கு 22 மில்லி மீட்டர் துளையைப் பிசிறில்லாமல் போட்டுக் கொடுத்தீர்கள். அதற்கு ரப்பர் வாஷர் வைக்கச் சொன்னது இன்னும் பெரிது. காலால் மிதிக்கிற பெட்டியில் வால்வு மணி மாதிரி ஒலிக்கும். ரப்பர் அதை நன்றாக உறிஞ்சிக்கொண்டது. பக்கச் சுவரில் போட்ட காற்றுத் துளைகளுக்கு உள்ளே கம்பி வலை ஒட்டியிருக்கிறோம். உள்ளே 200 வோல்ட் இருக்கும்போது குழந்தையின் கைக்குச்சிகூட நுழையக் கூடாது.

குழுவின் கிட்டார் தம்பி, நீ மூன்று மாலை பொறுமையாக வாசித்துக் காட்டினாய். முதல் கேதோடில் 22 மைக்ரோ ஃபாரட் இருந்தபோது கீழ் ஒலி சேறாகிறது என்றாய், 0.68 ஆக்கியதும் தெளிந்தது. ஸ்விட்சை மிதிக்கும்போது டப் என்று அடிப்பதையும் நீயே பிடித்தாய். சிக்னல் உள்ளே வரும் இடத்திலும் வெளியே போகும் இடத்திலும் கிரவுண்டுக்கு 1 மெகா ஓம் போட்டதும் நின்றது. வெளியே போகும் வழியில் 22 நானோ ஃபாரட் 630 வோல்ட், பிறகு 470 கிலோ ஓம், 25 கிலோ லாக் பாட். இருபதில் ஒரு பங்காகக் குறைத்த பிறகே சிக்னல் ஆம்பிளிஃபையருக்குப் போகிறது. வால்யூமை முழுக்கத் திருப்பாதே தம்பி. அப்போதும் ஆம்பிளிஃபையருக்கு அது அதிகம்தான்.

பெட்டியைத் திறக்கப் போகிறவர்களுக்கு: அடாப்டரைப் பிடுங்கி ஒரு நிமிடம் பொறுங்கள். இரண்டு பெரிய கெப்பாசிட்டர்களும் அளக்கும் ரெசிஸ்டர்கள் வழியாக வடிய அவ்வளவு நேரம் ஆகும். பிறகும் மீட்டர் வைத்து 10 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டே விரலை வையுங்கள். ஆன் செய்து அளக்கும்போது ஒரு கை பெட்டிக்கு வெளியே, முதுகுக்குப் பின்னால். மூடியின் உட்புறத்தில் பின் வாரியாக வோல்டேஜ் எழுதி ஒட்டியிருக்கிறோம். வால்வு மாற்றினால் அதோடு ஒப்பிடுங்கள். ஐயா சோதித்துக் கொடுத்த உபரி வால்வு குழுவின் அலமாரியில், பஞ்சு சுற்றிய டப்பாவில் இருக்கிறது.

நன்றியுடன்,
பெடலைக் கட்டிய நாங்கள்
அல்சூர், பெங்களூரு