கொடைக்கானல் வீட்டுக் கொடி ரோஜா

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதமும் அதோடு அனுப்பியிருந்த படங்களும் வந்து சேர்ந்தன. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அண்ணி கைத்தடி இல்லாமல் நடமாடுகிறார் என்று படித்ததும் எங்கள் இருவருக்கும் பெரிய நிம்மதி. இங்கே சிங்கப்பூரில் அனைவரும் நலம். மகளுக்கு ஈசூன் வட்டாரத்தில் புதிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சாவி கிடைத்துவிட்டது. எனக்கோ, எங்கள் புளோக்கின் கீழுள்ள சமூகத் தோட்டத்தின் நுழைவாயில் வளைவுக்குக் கொடி ரோஜா ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு வந்து சேர்ந்திருக்கிறது. ஆகவே உங்கள் கொடைக்கானல் வீட்டுக் கொடி ரோஜா எந்த ரகம் என்ற கேள்வி நல்ல வேளையில்தான் வந்தது.

முன்வாசல் தூணைப் பற்றிக்கொண்டு கூரைவரை ஏறியிருக்கும் அந்த இளஞ்சிவப்புக் கொடியைப் பக்கத்து வீட்டுக்காரர் ‘டாரதி பெர்க்கின்ஸ்’ என்றும், நாற்றுப்பண்ணைக்காரர் ‘ஸெஃபிரீன் துரூவான்’ என்றும் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். பின்னதை முதலில் தள்ளிவிடலாம். 1868இல் பிரான்சில் வெளிவந்த ஸெஃபிரீன் துரூவான், முள் இல்லாத ரகம் என்பதற்காகவே பெயர் பெற்றது. நீங்களோ கவாத்து செய்யப்போய்க் கையைக் கிழித்துக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். டாரதி பெர்க்கின்ஸ் 1901இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அதன் இலை சிறியது, பளபளப்பானது. கொத்திலுள்ள பூக்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே நிறத்தில் இருக்கும். உங்கள் படத்தில் இருப்பதோ அகன்ற, மங்கலான இலை. ஒரே கொத்தில் ஒரு பூ அடர்சிவப்பை ஒட்டியும், அடுத்தது இளஞ்சிவப்பாகவும், வாடும் நிலையில் உள்ளது வெள்ளையை ஒட்டியும் தெரிகின்றன.

மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் எனக்குப் பாதி விடை கிடைத்தது. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இருபுறமும் ஒட்டியிருக்கும் இலையடிச் செதிலைப் பாருங்கள்: அதன் ஓரம் நேராக இல்லாமல் சீப்பின் பற்களைப் போலப் பிரிந்து நிற்கிறது. மல்டிஃபுளோரா என்னும் கிழக்காசியக் காட்டு ரோஜாவின் வழிவந்த செடிகளுக்கே உரிய அடையாளம் அது. அந்தச் செதில், ஒரு காம்பில் ஏழு சிற்றிலைகள், கொத்துக்குள் பல நிறங்கள், ஆண்டுக்கு ஒரே முறை கோடையில் கொட்டும் பூ ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்காசியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போன ‘செவன் சிஸ்டர்ஸ்’ என்னும் பழைய ரகமாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் முடிவு.

படத்தை மட்டும் வைத்து ரோஜாவுக்குப் பெயர் சூட்டுவது எனக்குப் பிடிக்காத வேலை என்பதால், அடுத்த முறை பூக்கும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். நன்கு விரிந்த பூ ஒன்றின் இதழ்களையும் மகரந்தக் கேசரங்களையும் உதிர்த்துவிட்டு நடுவில் எஞ்சுவதைக் கவனியுங்கள். சூல்தண்டுகள் ஒன்றாக ஒட்டி ஒரே குச்சியாக நீண்டிருந்தால் அது மல்டிஃபுளோரா, விச்சுரானா, கஸ்தூரி ரோஜா ஆகிய ரோஜா இனங்களின் கூட்டத்தைச் சேர்ந்தது. தனித்தனியாகப் பிரிந்து நின்றால் சீன ரோஜாவின் வழியில் தேட வேண்டும். நிறத்தை நம்பவே வேண்டாம். ஒரே செடி குளிரில் ஆழ்ந்த நிறத்திலும் வெயிலில் வெளிறியும் பூப்பது வழக்கம்; ‘ஓல்ட் பிளஷ்’ போன்ற சீன வகைகளோ இதற்கு மாறாக வெயில் பட்டால் இன்னும் சிவக்கும்.

ஒன்றை முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் இந்த வகை, முந்தைய ஆண்டில் வளர்ந்த தண்டில்தான் பூ விடும். ஆகவே நீங்கள் டிசம்பரில் செய்யும் கவாத்து, வரப்போகும் பூவை எல்லாம் வெட்டிக் குப்பையில் போடுவதாகும். பூத்து முடிந்த உடனே பழைய தண்டுகள் சிலவற்றை அடியோடு எடுத்துவிட்டு, புதிதாகக் கிளம்பும் தண்டுகளைக் கிடைமட்டமாக வளைத்துக் கட்டுங்கள். நிமிர்ந்து நிற்கும் தண்டு நுனியில் மட்டுமே பூக்கும். படுக்கவைத்த தண்டில் நுனி மொட்டின் ஆதிக்கம் குறைவதால் கணுவுக்குக் கணு கிளை விட்டுப் பூக்கும்.

படிக்கட்டுக்கு அருகே மணமுள்ள பழைய இளஞ்சிவப்பு ரகம் ஒன்று வேண்டும் என்று அண்ணி ஆசைப்படுவதைப் பற்றிக் கேட்டீர்கள். பேரப்பிள்ளைகள் ஓடும் இடம் என்பதால் ஸெஃபிரீன் துரூவானைத்தான் எல்லாரும் சொல்வார்கள். மணம் அருமைதான், ஆனால் கரும்புள்ளி நோய்க்கும் சாம்பல் நோய்க்கும் எளிதில் இரையாகும் செடியை உங்கள் ஊர் மூடுபனியில் வைத்தால் பாதி ஆண்டு மொட்டைத் தண்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். 1893இல் வந்த ஏறுகொடி வகை ‘சுவனீர் த லா மால்மைசோன்’ பேரழகு, ஆனால் அக்டோபர், நவம்பர் மழையில் மொட்டுகள் விரியாமலே பழுப்பேறிவிடும். கூரைத் தாழ்வாரத்தின் அடியில் இடமிருந்தால் பார்க்கலாம். ‘நியூ டான்’ 1930இல்தான் வந்தது என்றாலும் நோய் தாங்கும், மீண்டும் மீண்டும் பூக்கும். அமெரிக்காவில் செடி ஒன்றுக்கு வழங்கப்பட்ட முதல் காப்புரிமை அதற்குத்தான். ஆனால் அதன் முள்ளைப் படிக்கட்டுப் பக்கம் கொண்டுவராதீர்கள், பின்வேலிக்கு ஆகும். என்னைக் கேட்டால் ‘பிளஷ் நுவாசெத்’ வையுங்கள். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் கஸ்தூரி ரோஜாவும் ஓல்ட் பிளஷும் கலந்து பிறந்த பரம்பரை. சிறு பூக்கள் கொத்துக் கொத்தாக வரும், கிராம்பை நினைவூட்டும் மணம், முள் குறைவு, ஆண்டு முழுவதும் விட்டுவிட்டுப் பூக்கும். கிடைக்கவில்லை என்றால் நாற்றுப்பண்ணையில் பழைய ரகம் என்று சொல்லி 1985ஆம் ஆண்டின் ‘பியேர் த ரொன்சார்’ செடியைத் தருவார்கள். வயதில் பொய் இருந்தாலும் தோற்றத்தில் குறை சொல்ல முடியாது. விலை நியாயமாக இருந்தால் வாங்கலாம்.

நாற்றுப்பண்ணை நிலவரம் தெரிய வேண்டுமென்றால், உங்கள் ஊரிலேயே நெடுங்காலம் ரோஜாக் கலப்பினங்களை உருவாக்கிய வீரராகவன், கிரிஜா தம்பதியரின் பணியை அறிந்தவர்களை விசாரியுங்கள். மணிப்பூர்ப் பக்கத்து ஜைகான்டியா, ஈரநிலத்தில் வளரும் கிளினோஃபில்லா ஆகிய நம் நாட்டுக் காட்டு ரோஜாக்களைக் கொண்டு வெப்பநாட்டுக்கு ஏற்ற ரகங்களை அவர்கள் தேடியது எனக்கு இங்கிருந்து பார்க்கும்போது மிகவும் பொருள் உள்ளதாகத் தெரிகிறது.

ஏனென்றால் எங்கள் சிக்கல் வேறு. இங்குள்ள கரையோரப் பூந்தோட்டங்கள் (Gardens by the Bay) என்னும் பூங்காவின் கண்ணாடிக் கூடத்தில் ரோஜாவைப் பார்த்துவிட்டு வந்த எங்கள் குழுவினர் அதே ரகங்களை வளைவுக்குக் கேட்கிறார்கள். அந்தக் கூடம் 23 முதல் 25 டிகிரியில் குளிரூட்டப்பட்டது. வெளியே பகலில் 31, 32 டிகிரி, ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, குளிர்காலமே இல்லை. உங்கள் செவன் சிஸ்டர்ஸை இங்கே வைத்தால் இலை தழைக்கும், பூ எட்டிப் பார்க்காது. எனவே ஏறுகொடி வகை ஓல்ட் பிளஷைத்தான் முன்மொழிந்திருக்கிறேன். பூ மெல்லியது, ஒரே நாளில் தளர்ந்துவிடும் என்று குறை சொல்கிறார்கள். நாள்தோறும் புதுப்பூ வருவதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. வளைவின் இருபுறத் தூண்களுக்கு நம் பன்னீர் ரோஜாவை வைக்கலாம் என்பது என் இன்னொரு யோசனை. தமிழ்நாட்டு விவசாயிகள் எட்வர்ட் ரோஜா என்று பயிரிடும் அது, ரீயூனியன் தீவில் தோன்றிய போர்பன் குடும்பத்தைச் சேர்ந்தது. அதாவது ஸெஃபிரீன் துரூவானுக்கு நெருங்கிய உறவு. கொடியாக ஏறாது, ஆனால் தூணோடு அணைத்துக் கட்டலாம். இங்குள்ள தேக்கா வட்டாரத்தில் மாலை வாங்கும் மூதாட்டிகளுக்கு அந்த மணத்தை அறிமுகப்படுத்தவும் வேண்டியதில்லை.

போத்து வெட்டி அஞ்சலில் அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அன்புக்கு நன்றி, ஆனால் அனுப்ப வேண்டாம். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் இங்கே செடி கொண்டுவர முடியாது. அதற்குப் பதிலாக அந்தப் போத்துகளைப் பென்சில் பருமனில், பூத்து முடிந்த தண்டிலிருந்து எடுத்து, நிழலில் மணலில் ஊன்றி, பக்கத்து வீட்டுக்காரருக்கே ஒன்று கொடுங்கள். கோடையில் பூத்ததும் சூல்தண்டின் படத்தையும், அடித்தண்டில் ஒட்டுக் கட்டிய தழும்பு ஏதும் உண்டா என்பதையும் தெரிவியுங்கள். அண்ணிக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்,
சிங்கப்பூர்