சுரண்டும் முன் படமெடுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். தொல்பொருள் ஆய்வுக்கு உதவும் ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் கேமரா பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல அறிமுகம். ஆனால், கீழடி, கொடுமணல் பானை ஓடுகளை இந்தக் கேமராவின் முன் வைத்தால் மறைந்த எழுத்தெல்லாம் துலங்கிவிடும் என்று முடித்திருக்கிறீர்கள். அங்கேதான் இடிக்கிறது. அந்த ஓடுகளில் இருப்பவை பெரும்பாலும் கீறிய எழுத்துகள். கீறலைப் படிக்க, சாய்வாக விழும் வெளிச்சமே அதிகம் உதவும். இந்தக் கேமராவுக்கு வேலை மையிலும் வண்ணத்திலும்தான்.

நான் ஆஃப்செட் அச்சகத்தில் கலர் பிரிக்கும் வேலை பார்த்தவன். ஒரு படத்தை நாலு நிறமாகப் பிரித்து நாலு பிளேட் போடுவோம். இந்தக் கேமராவோ வெளிச்சத்தை நூற்றுக்கணக்கான மெல்லிய பட்டைகளாகப் பிரிக்கிறது, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வரைக்கும். நமக்கு ஒரே பழுப்பாகத் தெரியும் இரண்டு பொருள்கள் ஏதாவது ஒரு பட்டையில் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். கரி மை அகச்சிவப்பிலும் கறுப்பாகவே இருக்கும். இரும்பு சேர்ந்த மை அதில் மங்கிவிடும். (அப்புறம், இப்படிப்பட்ட படங்களில் வரும் பளீர் நீலமும் சிவப்பும் வித்தியாசம் காட்டக் கணினி பூசியவை. ‘அசல் வண்ணம்’ என்று படக்குறிப்பு போட்டிருக்க வேண்டாம்.)

கட்டுரையில் விட்டுப்போன ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் கோடெக்ஸ் செல்டன் என்ற மடிப்புச் சுவடி இருக்கிறது. மெக்சிகோவின் மிஸ்டெக் மக்கள் 1560 வாக்கில் தீட்டியது. மான் தோல், சுமார் 5 மீட்டர் நீளம். அதன் வெள்ளைப் பூச்சுக்குக் கீழே இன்னொரு பழைய சித்திரச் சுவடி இருக்கலாம் என்று 1950களிலேயே சந்தேகம் வந்தது. பார்த்துவிடலாம் என்று பூச்சைக் கொஞ்சம் சுரண்டினார்கள். ஏதோ மங்கலாகத் தெரிந்ததே தவிர ஒன்றும் பிடிபடவில்லை. சுரண்டிய பூச்சு போனது போனதுதான். பிறகு எக்ஸ்ரேயும் கைவிட்டது. அடியில் இருந்த சாயங்கள் உயிர்ப்பொருள்களிலிருந்து எடுத்தவை, எக்ஸ்ரேக்குப் பிடிபடாதவை. 2016இல்தான் லைடன் பல்கலைக்கழகத்தாரும் பாட்லியன் நூலகத்தாரும் ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் முறையில் எடுத்த படங்களை வெளியிட்டார்கள். சில பக்கங்களில் 20க்கும் மேற்பட்டோர் உட்கார்ந்தும் நின்றும் ஒரே திசையைப் பார்த்தபடி இருக்கிறார்கள். முறுக்கிய கயிறும் கல் கத்தியும் பெயர்க்குறியாகக் கொண்ட ஒருவர் திரும்பத் திரும்ப வருகிறார். சுவடி மேல் ஒரு விரல்கூடப் படாமல் கிடைத்தது இவ்வளவும்.

இஸ்ரேலின் தெல் அராத் கோட்டையில் 1965இல் கிடைத்த ஓடு இன்னொன்று. சுமார் 2600 ஆண்டு பழையது, மையால் எழுதியது. பின்பக்கம் வெறுமை என்றே அரை நூற்றாண்டு நினைத்திருந்தார்கள். இதைவிட எளிய, சில பட்டைகள் மட்டுமே பிடிக்கும் கேமராவில் எடுத்தபோது அந்தப் பக்கத்தில் 50 எழுத்துகள் வந்தன. திராட்சை மது இருந்தால் அனுப்பு என்று கேட்கிறார் எழுதியவர்! அந்த 2017 ஆய்வு வரும்வரை அதை யாரும் தேய்த்துக் கழுவாமல் விட்டார்களே, அதற்கே நன்றி சொல்ல வேண்டும்.

நம் ஊரில் இந்தக் கேமராவுக்கு வேலை இருப்பது கோயில் சுவர்களில். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பது 1931இல் தெரியவந்தது. அங்கே மேல் அடுக்கு கனமானது. இந்தக் கேமரா அதைத் துளைத்துப் பார்க்காது. ஆனால் மங்கிப்போன ஓவியம், புகை படிந்த ஓவியம், ரொம்ப மெல்லிய பூச்சுக்குள் மறைந்த ஓவியம் என்றால் பார்க்க வாய்ப்பு உண்டு. திருப்பணி என்றதும் முதலில் வந்து இறங்குவது சுண்ணாம்பு வாளியும் சுரண்டும் தகடும். அதற்கு முன்னால் ஒரு தடவை படமெடுக்கச் சொல்லி விதி போட்டால் என்ன? எடுத்த தரவை அப்படியே, எந்த மெருகும் ஏற்றாமல் சேமித்தால் போதும். படிப்பதை இன்னும் 20 வருடம் கழித்துக்கூடச் செய்துகொள்ளலாம்.

இந்தக் கேமரா தமிழ்நாட்டில் எந்தெந்த ஆய்வகங்களில் இருக்கிறது, கோயிலுக்கு எடுத்துவரச் சம்மதிப்பார்களா என்று உங்கள் செய்தியாளரை விட்டு விசாரித்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சகத் தொழிலாளி,
சிவகாசி