நடைபாதைப் பனி தள்ளும் அடிப்பட்டை: கடினம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏடிவி எனப்படும் நான்கு சக்கரச் சிறுவண்டியின் முன்னால் தகடு பூட்டி நடைபாதைகளில் பனி தள்ளும் வேலையைப் பல குளிர்காலங்களாகச் செய்துவருபவன் என்ற முறையில், அந்தத் தகட்டின் அடியில் தரையைத் தொட்டுச் சுரண்டும் பட்டையைப் பற்றி எழுதுகிறேன். ‘கட்டிங் எட்ஜ்’ என்று பெயர் சொல்லிக் கேட்கப்படும் இந்த அடிப்பட்டையை வாங்க வருபவர்கள் பெரும்பாலும், எது அதிக நாள் உழைக்கும் என்ற ஒரு கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். விற்பவர்களும் எஃகின் கடின எண்ணைக் காட்டிப் பதிலை முடித்துவிடுகிறார்கள். நடைபாதையைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியும் போதாது, அந்தப் பதிலும் போதாது என்பதே என் கருத்து.

தகட்டையும் சட்டத்தையும் காப்பாற்றிவிட்டுத் தான் தேய்ந்துபோவதற்காகவே அடிப்பட்டை பொருத்தப்படுகிறது. கான்கிரீட்டின் மணலிலும் சல்லியிலும் கலந்துள்ள குவார்ட்ஸ், விக்கர்ஸ் அளவையில் ஏறத்தாழ 1,000 கடினம் உடையது. அடிப்பட்டைக்குப் பயன்படும் கடினப்படுத்திய எஃகோ 500 அளவில்தான் நிற்கும். ஆகவே எந்த எஃகும் தேயத்தான் செய்யும். எவ்வளவு விரைவில் தேய்கிறது என்பதில்தான் வேறுபாடு. சாதாரண மென் எஃகு பிரினெல் என்ற மற்றொரு கடின அளவையில் 120-ஐ ஒட்டியும், ஏஆர்400 எனப்படும் தேய்மானம் தாங்கும் எஃகு 400-ஐ ஒட்டியும் இருப்பதால், பின்னது கூடுதல் நாள் வரும் என்பதில் ஐயமில்லை. குவார்ட்ஸையே மிஞ்சுவது டங்ஸ்டன் கார்பைடு. ஆனால் தேய்மானத்தை அவ்வளவு தாங்கும் அந்தப் பொருள் அடியைத் தாங்காது. மரவேர் தூக்கிவிட்ட கான்கிரீட் பலகையின் முனையில் ஒருமுறை மோதினால் பட்டையில் பதித்த கார்பைடு சில்லு உடைந்துபோகும். நடைபாதையிலோ சில அடிகளுக்கு ஒருமுறை பலகைகள் சேரும் மூட்டு ஒன்று வந்துகொண்டே இருக்கிறது.

கடினத்தை மட்டும் பார்ப்பதன் விளைவை நான் என் கண்ணால் பார்த்தேன். நான் வழக்கமாகப் பனி தள்ளும் பாதையை ஒரு குளிர்காலம் வேறொரு ஒப்பந்தக்காரர் எடுத்துக்கொண்டார். அவர் கடின எஃகுப் பட்டையைப் பூட்டி, தகட்டைத் தரையிலிருந்து சற்றே உயர்த்தி வைக்கும் சறுக்குக் கால்களைக் கழற்றிவிட்டு, வேகமாக ஓட்டினார். பனி உருகியபோது, சாலையைக் கடக்கும் இடங்களில் பதித்திருந்த மஞ்சள் நிறத் தொடுதளத்தின் குமிழ்களில் பாதி சீவப்பட்டிருந்தன. பார்வையற்றவர்கள் பாதத்தாலும் கோலாலும் தரையை அறிய 1965-இல் ஜப்பானில் செய்இச்சி மியாகே வடிவமைத்து, 1967-இல் ஒகயாமா நகரில் முதன்முதலாகப் பதிக்கப்பட்ட அமைப்பு அது. அந்தக் குமிழின் உயரமே 5 மில்லிமீட்டர் அளவுதான். அதைச் சீவி எடுத்த பட்டை எத்தனை பருவம் உழைத்தாலும் அதை நீடித்து உழைத்த பட்டை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதற்காக எல்லாப் பாதைக்கும் பாலியூரித்தேன் என்ற வளையும் பிளாஸ்டிக்கால் ஆன மென்பட்டையே சிறந்தது என்றும் நான் சொல்ல மாட்டேன். செங்கல்லோ கல்லோ பாவிய பாதைக்கும், தொடுதளம் அடிக்கடி வரும் பாதைக்கும், வீட்டுச் சன்னல்களை ஒட்டி விடியுமுன் ஓசையில்லாமல் ஓட்ட வேண்டிய இடத்துக்கும் அதுதான் ஏற்றது.  ஆனால் மிதிபட்டு இறுகிய பனியை அது சுரண்டாமல் மேலே வழுக்கிச் செல்லும். அதே எடை அகன்ற அடியில் பரவுவதால் அழுத்தம் குறைகிறது. வின்ச் எனப்படும் கம்பிவடம் சுருட்டும் இழுவைக் கருவியில் தொங்கும் ஏடிவி தகட்டிலோ கீழ்நோக்கி அழுத்தும் விசை எதுவும் இல்லை. எஞ்சும் பனிக்கு உப்பைக் கூடுதலாகக் கொட்டினால் கான்கிரீட்டின் மேல்தோல் உரியும். உறைநிலைக்குக் கீழே பத்து பாகை போனால் சாதாரண உப்பு வேலை செய்வதும் அரிது. ஆகவே பனி விழுந்த உடனே, காலடி படுமுன் ஓட்ட முடிகிற பாதைக்கு மென்பட்டை, ஓட்டத் தாமதமாகும் சமதள கான்கிரீட் பாதைக்கு எஃகு என்று நான் பிரித்துக்கொள்கிறேன்.

எடையையும் பார்க்க வேண்டும். ஒன்றரை மீட்டர் நீளமும் பத்து சென்டிமீட்டர் உயரமும் உள்ள எஃகுப் பட்டை, 6 மில்லிமீட்டர் தடிப்பில் 7 கிலோ. 12 மில்லிமீட்டர் தடிப்பில் 14 கிலோ. அந்தக் கூடுதல் எடையை ஒவ்வொரு முறையும் தூக்குவது வின்ச்சும் முன்சக்கரத் தாங்கிகளும்தான். அத்துடன், ஓட்டும் வேகம் இரு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகிறது என்பதால், தடிப்பைக் கூட்டுவதைவிட வேகத்தைக் குறைப்பதும், மோதும்போது தகடு முன்மடியும்படி ஸ்பிரிங்கைச் சரியான இழுவிசையில் வைப்பதும் பட்டைக்கு அதிக ஆயுள் தரும்.

வாங்கும்போது துளை வரிசையையும் பாருங்கள். மேலும் கீழும் திருப்பிப் பூட்டக்கூடிய பட்டை ஏறக்குறைய இரண்டு பட்டைகளுக்குச் சமம். தகட்டைச் சாய்த்து ஓட்டும்போது முன்முனை முதலில் தேய்வதால், நடுவில் அளந்து பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. நான் ஒரு பருவம் அப்படி ஏமாந்து தகட்டின் மூலையையே தேயவிட்டேன். துளை பொருந்தவில்லை என்று கடினப்படுத்திய எஃகை வாயுச்சுடரால் வெட்டினால், சூடுபட்ட இடம் கடினத்தை இழந்துவிடும். நட்டுகளில் உப்பு ஏறி இறுகாமல் இருக்கப் பருவத் தொடக்கத்திலேயே கிரீஸ் தடவிப் பூட்டுவது நல்லது.

நடைபாதைப் பணியை ஒப்பந்தத்துக்கு விடும் அமைப்புகளிடம் நான் வேண்டுவது இது. முதல் பனி விழுமுன் பாதையை ஒருமுறை நடந்து பார்த்து, உயர்ந்த மூட்டுகளையும் தொடுதளங்களையும் குறித்து, எந்தப் பகுதிக்கு எந்தப் பட்டை என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பட்டையின் இரு முனைகளிலும் எஞ்சியுள்ள உயரத்தை ஒவ்வொரு பெரும்பனிக்குப் பிறகும் அளக்கச் சொல்லுங்கள். பருவ முடிவில் தொடுதளக் குமிழ்களையும் எண்ணிப் பார்த்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
நடைபாதைப் பனி அகற்றும் பணியாளர் ஒருவர்