விசா வேணாம்னா கேள்வியே கேக்கமாட்டாங்கனு நெனச்சிடாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

நம்ம பேப்பர்ல அடிக்கடி ‘விசா இல்லாம போகக்கூடிய நாடுகள்’னு லிஸ்ட் போடுறீங்க, படிக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா நிபந்தனை பத்தி ஒரு வரி கூட இருக்குறதில்ல. இலங்கை, பாலி, மலேசியானு எல்லாத்தையும் ஒண்ணா சேத்து போட்டுடுறீங்க. இலங்கைக்கு ஈடிஏங்குற பயண அனுமதி வாங்கணும், பாலில ஏர்போர்ட்ல எறங்கி காசு கட்டி விசா வாங்கணும், இந்த மூணுல நெஜமாவே விசா கேக்காதது மலேசியாதான்.

அதுவும் சும்மா இல்ல. 2023 டிசம்பர் 1ல இருந்து நமக்கு விசா வேணாம்னு சொன்னாங்க, 2026 கடைசி வரைக்கும் நீட்டிச்சிருக்காங்க, 30 நாள் இருக்கலாம். ஆனா பாஸ்போர்ட் முடிய ஆறு மாசமாவது இருக்கணும், அங்க போய் சேர்றதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள எம்டிஏசிங்குற மலேசிய வருகைப் பதிவு ஃபார்ம ஆன்லைன்ல போடணும், ரிட்டர்ன் டிக்கெட், தங்குற எடம், கைச்செலவுக்கு பணம் எல்லாம் கேட்டா காட்டணும். முன்னாடி விசா ஆபீஸ்ல கேட்டத இப்ப கேஎல் (கோலாலம்பூர்) ஏர்போர்ட் கவுன்டர்ல கேக்குறாங்க, அவ்ளோதான். பதில் திருப்தியா இல்லனா அப்படியே திருப்பி அனுப்பிடுவாங்க.

திருச்சில செக்இன் க்யூல எனக்கு முன்னாடி ஒரு பெரியம்மா, பத்துமலைக்கு போறாங்களாம், பேத்திக்கு முறுக்கு டப்பா வேற. கவுன்டர் பொண்ணு பாஸ்போர்ட்ட பாத்துட்டு, விரல் விட்டு எண்ணி, நாலு மாசம்தாம்மா இருக்கு, ஏத்த முடியாதுன்னுருச்சு. “இன்னும் முடியலயே சாமி, நாலு மாசம் இருக்கே”னு அவங்க திரும்பத் திரும்ப சொல்றாங்க. அந்தப் பொண்ணையும் குத்தம் சொல்ல முடியாது, அங்க உள்ள விடலனா ஆள திருப்பி கூட்டிட்டு வர்றது ஏர்லைன்ஸ் பொறுப்பு, அதான் இவ்ளோ கறாரு. டிக்கெட் போட்டுக் குடுத்தவர் அந்தத் தேதிய ஒரு தடவ பாத்திருக்கலாம்ல?

பத்தாவது பாஸ் ஆகாத நெறைய பேரு பாஸ்போர்ட்ல ஈசிஆர் இருக்கும், அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போறதுக்கு முன்னாடி கவர்மென்ட் சரிபாக்கணும்ங்குற குறிப்பு. டூர் போறதுக்கு அது தடையில்ல, ஆனா வேலைக்குப் போனா நம்ம கவர்மென்ட் கிளியரன்ஸ் வேணுங்குற நாடுகள்ல மலேசியாவும் ஒண்ணு, அதனால நம்ம ஊர் இமிகிரேஷன்லயே ரிட்டர்ன் டிக்கெட் எங்கனு துருவுவாங்க. இதத் தெரிஞ்சுக்கிட்டேதான் சில ஏஜென்ட்டுங்க ‘டூரிஸ்ட்டா போங்க, அங்க போய் பர்மிட் மாத்திக்கலாம்’னு பசங்கள அனுப்புறாங்க. டூருக்குனு உள்ள போய் வேலை பாக்குறது சட்டவிரோதம், 30 நாள் தாண்டினா ஃபைன், ஜெயில் வரைக்கும் போகும். இந்த மாதிரி விளம்பரம் நம்ம பேப்பர்லயும் வருதுங்கறத வருத்தத்தோட சொல்றேன்.

இன்னொண்ணு, கேஎல் வரைக்கும் போய்ட்டோம், ஜொகூர்ல இருந்து பாலம் தாண்டினா சிங்கப்பூர்தானேனு பஸ் ஏறிடாதீங்க. இந்தியன் பாஸ்போர்ட்டுக்கு அங்க விசா வேணும், முன்னாடியே எடுத்திருக்கணும்.

அடுத்த தடவ லிஸ்ட் போடும்போது பக்கத்துலயே ஒரு பெட்டி கட்டி இதையெல்லாம் போடுங்க. எம்டிஏசி ஃபார்முக்கு ஒரு பைசா கெடையாதுங்கறதையும் பெருசா போடுங்க, அதுக்கும் சார்ஜ் வாங்குற வெப்சைட்டுங்க நெறைய இருக்கு.

இப்படிக்கு,
திருச்சி வாசகர் ஒருவர்