நேரே சுவரில் செருகச் சொன்னது உங்கள் ஆள்தான்: பாவித்த டிவிடி பிளேயர் தொடர்பான முறைப்பாடு

விசுவமடு,
2025.06.24

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமைக் காரியாலயம், கொழும்பு.

ஐயா,

இப்படி ஒரு கடிதம் எழுத வேண்டாம் என்றுதான் ஒரு மாதமாகப் பொறுத்திருந்தேன். பதினொரு தடவை தொலைபேசி எடுத்துவிட்டேன். கிளிநொச்சிக் கிளைக்கு மூன்று தடவையும் வவுனியாவிலுள்ள உங்கள் திருத்தும் நிலையத்துக்கு ஒரு தடவையும் அந்தப் பிளேயரைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். கிளிநொச்சியில் கேட்டால் வவுனியா என்கிறார்கள். வவுனியாவில் கேட்டால் கொழும்பு என்கிறார்கள். கொழும்புக்கு எடுத்தால் "வாங்கின கிளையில கதையுங்கோ" என்கிறார்கள். இனி அலைய என்னால் முடியாது.

2025 மே 17, சனிக்கிழமை, உங்கள் கிளிநொச்சிக் கிளையில் 14,500 ரூபாய் கொடுத்து, ஜப்பானிலிருந்து வந்த பாவித்த டிவிடி பிளேயர் ஒன்று வாங்கினேன். மூன்று மாத உத்தரவாதம். பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்திருக்கிறேன். பிளேயரோடு பாரமான ஒரு கறுப்புப் பெட்டியும் தந்து, "கரண்ட் இதுக்குள்ளாலதான் போக வேணும்" என்றார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. ஜப்பானில் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட், எங்களுக்கு 230 வோல்ட், அந்தப் பெட்டி 230ஐக் குறைத்துக் கொடுக்கிற ஸ்டெப் டவுன் என்பதை எனக்கு விளங்கப்படுத்தியது விசுவமடுச் சந்தியில் ரேடியோ திருத்தும் அண்ணை. அதுவும் எல்லாம் எரிந்து முடிந்த பிறகு. பிளேயரின் பின்பக்கத்தில் 100 வோல்ட் என்று அச்சடித்திருக்கும் இடத்துக்கு மேலேயே உங்கள் விலைச்சீட்டை ஒட்டி விற்றிருக்கிறீர்கள். நகத்தால் சுரண்டிய பிறகுதான் அந்த எழுத்தே தெரிந்தது.

ஒன்பது நாள் நன்றாக வேலை செய்தது. அதை நான் மறைக்கவில்லை. மே 26 இரவு கரண்ட் போய், கொஞ்ச நேரத்தில் வந்தது. அதன் பிறகு பிளேயரில் முன்னால் எரியும் சின்னச் சிவப்பு வெளிச்சம் வரவில்லை. சுவிட்சை அமத்தினால் அசைவில்லை. வேறு பிளக்கில் போட்டுப் பார்த்தேன், வயரை அசைத்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. மறுநாள் காலை பற்றுச்சீட்டில் உள்ள இலக்கத்துக்கு எடுத்தேன்.

எடுத்தவர் முதலில் ரிமோட்டுக்குப் பற்றரி போட்டிருக்கிறதா என்று கேட்டார். வெளிச்சமே வராத பிளேயருக்கு ரிமோட் எதற்கு? சரி, மாற்றிப் பார்த்தேன். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணை, அந்தக் கறுப்புப் பெட்டிதான் பிழை போல. அதைக் கழட்டிப்போட்டு மல்டி பிளக்கில போட்டு நேர சுவரில குத்திப் பாருங்கோ." நான் உடனே செய்யவில்லை. "தம்பி, கடையில இதுக்குள்ளாலதான் குடுக்கச் சொன்னவை. நேர குடுத்தா ஒண்டும் செய்யாதோ?" என்று கேட்டேன். அதற்கு அவர், "அண்ணை, நீங்களா கம்பனி, நாங்களா கம்பனி?" என்றார்.

ஐயா, இந்த ஒரு வசனத்தைத்தான் ஒரு மாதமாக என்னால் விழுங்க முடியவில்லை. நான் வயல் செய்கிறவன். பொருள் உங்களுடையது. உங்கள் பொருள் எத்தனை வோல்ட் தாங்கும் என்று உங்களுக்குத் தெரியும் என்று நம்பினேன். நம்பித்தான் செருகினேன். "டப்" என்று ஒரு சத்தம். காற்றுப் போகும் துளைகளால் மெல்லிய புகை வந்தது. அன்றிரவு முழுக்க அறையில் எரிந்த மணம். தொலைபேசியில் அவர் இன்னும் இருந்தார். புகை வருகிறது என்று நான் கத்த, "அப்ப உங்கட வீட்டுக் கரண்ட்தான் பிழை" என்று சொல்லி வைத்துவிட்டார். எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, கிணற்று மோட்டார் எல்லாம் இன்றைக்கும் அதே கரண்டில்தான் ஓடுகின்றன.

ரேடியோ திருத்தும் அண்ணை அந்தக் கறுப்புப் பெட்டியின் பின்னால் இருந்த சின்ன மூடியைத் திருகிக் கழற்றினார். உள்ளே விரல் நீளம்கூட இல்லாத ஒரு கண்ணாடிப் பியூஸ். நடுவில் இருக்க வேண்டிய மெல்லிய கம்பி அறுந்து, கண்ணாடியின் உட்பக்கம் சாம்பல் படிந்திருந்தது. கரண்ட் திரும்பி வருகிற அந்த நொடியில் இப்படியான பெட்டிகள் ஒரே இழுவையாக இழுக்கும், அதில் பியூஸ் போவது வழக்கம் என்றார். புதிதாக ஒன்று போட்டு மீற்றர் வைத்துப் பார்த்தார். 103 காட்டியது. பெட்டியில் ஒரு பிழையும் இல்லை! "பின்னால இருக்கிற பியூஸைப் பாருங்கோ" என்று உங்கள் ஆள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே பிளேயர் ஓடியிருக்கும்.

பிறகு டோர்ச் அடித்துத் துளைகளுக்குள்ளால் பார்த்தோம். உள்ளே உருளையாக நிற்கும், கரண்டைத் தேக்கி வைக்கும் கொண்டென்சர் ஒன்றின் தலை பிளந்து, தவிட்டு நிறத்தில் ஏதோ கசிந்திருந்தது. அதன் பக்கத்தில் 200 வோல்ட் என்று எழுதியிருந்தது. 100 வோல்ட் கொடுத்தால் உள்ளே ஏசி டிசியாக மாறும்போது 141 வோல்ட் அளவுதான் வரும், அதை அது தாங்கும். 230 நேரே போனால் 325 வரை ஏறும். இது ஒரு சந்திக் கடைக்காரருக்குத் தெரிகிறது. உங்கள் சேவைப் பிரிவுக்குத் தெரியாதா?

நாங்கள் பிளேயரைத் திறக்கவில்லை. உங்கள் சீல் அப்படியே இருக்கிறது. அதுதான் இப்போது எனக்கு வினையாகப் போயிருக்கிறது.

ஏனென்றால் உள்ளே ஒரு டிவிடி தட்டு இருக்கிறது. அது 2012இல் நடந்த என் அக்காவின் கல்யாண வீடியோ. 2009இல் இடம்பெயர்ந்தபோது எங்கள் அல்பங்களையெல்லாம் பதுங்குகுழிக்குள் விட்டுவிட்டு வந்தோம். அப்பாவின் அசைகிற உருவமும் குரலும் இருப்பது அந்த ஒரு தட்டில் மட்டும்தான். பந்தலுக்குள் நின்று, தோளில் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "எல்லாரும் சாப்பிட்டிட்டுத்தான் போக வேணும்" என்று கமராவைப் பார்த்துச் சொல்வார். அவர் போய் ஒரு வருடம். திவசத்துக்கு முன்பு அம்மா அதைப் பார்க்க ஆசைப்பட்டார் என்பதற்காகத்தான் இந்தப் பிளேயரையே வாங்கினேன். திவசம் இந்த மாத நடுவில் முடிந்துவிட்டது. அம்மா பார்க்கவில்லை. நீங்கள் என் அப்பாவை இரண்டாம் தடவை சாகடித்திருக்கிறீர்கள். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.

இதைக் கிளிநொச்சிக் கிளையில் சொன்னபோது, "தட்டை எடுத்துப்போட்டுக் கொண்டு வாங்கோ, தட்டோட பொறுப்பெடுக்க ஏலாது" என்றார்கள். கரண்ட் இல்லாமல் பிளேயரின் வாய் திறக்காது. மூடியைக் கழற்றினால் தட்டை எடுக்கலாம், ஆனால் மூடித் திருகின் மேல் உங்கள் சீல். சீல் உடைந்தால் உத்தரவாதம் இல்லை. பிறகு நான் எப்படி எடுப்பது? கவுண்டரில் இருந்த பிள்ளை, "இந்தக் காலத்தில ஆர் தட்டு பாக்கினம்? பென் டிரைவில ஏத்தி வச்சிருக்கலாமே" என்று சிரித்தார்.

வவுனியாப் பயணத்தை எழுதாமல் விட்டால் என் மனம் ஆறாது. ஜூன் 10 செவ்வாய்க்கிழமை வரச் சொன்னது உங்கள் கொழும்புக் காரியாலயம். அன்று பொசன் போயா விடுமுறை, திறந்திருப்பீர்களா என்று நானே கேட்டேன். "எங்களுக்குப் பூட்டில்லை" என்றார்கள். பிளேயரைப் போர்வையால் சுற்றி உரப்பைக்குள் வைத்துக்கொண்டு விடிய முதல் பஸ் ஏறினேன். பரந்தன் வரைக்கும் மடியில், அங்கிருந்து நின்ற நிலையில். முறிகண்டியில் பஸ் நிற்க, பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, அந்தத் தட்டு நல்லபடி வெளியே வர வேண்டும் என்று கும்பிட்டேன். வவுனியாவில் போய் இறங்கினால் இரும்புக் கதவு பூட்டிக் கிடக்கிறது. காவலாளி, "போயாவெல்லோ, நாளைக்கு வாங்கோ" என்றார். அன்றைக்கு எனக்கு வயலில் தண்ணீர் முறை. அதை விட்டுவிட்டு வந்ததில் அரை ஏக்கர் சிறுபோகப் பயிர் கருகிப் போனது. அதற்கு யார் கணக்குக் கொடுப்பது?

ஐயா, உங்கள் கம்பனியில் எல்லோரும் அப்படி என்று நான் சொல்லவில்லை. முதல் நாள் பிளேயரை விற்ற தம்பி நன்றாகத்தான் கதைத்தார். அதனால் இப்போதும் மரியாதையாகவே கேட்கிறேன். உங்கள் திருத்துநர் ஒருவரை அனுப்புங்கள், அல்லது கிளிநொச்சிக் கிளைக்கு வரச் சொல்லுங்கள். என் கண் முன்னால் சீலை உடைத்து, தட்டைக் கீறல் படாமல் எடுத்துத் தர வேண்டும். பிறகு 14,500 ரூபாயும் போக்குவரத்துச் செலவும். தட்டுக்கு ஏதாவது நடந்திருந்தால் நான் ஒரு இலட்சம் கேட்பேன், அதுவும் காணாது. அத்தோடு, "நீங்களா கம்பனி" என்று கேட்டவர் என் அம்மாவிடம் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஜூலை 8ஆம் திகதிக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுப்பேன். அவர்களின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் எடுப்பேன். வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆகஸ்ட் 17 வரைக்கும் இழுத்தடித்துத் தப்பலாம் என்று நினைக்காதீர்கள். பற்றுச்சீட்டு, பஸ் டிக்கெட்டுகள், அறுந்த பியூஸ், உங்கள் இலக்கத்துக்கு எடுத்த அழைப்புகளின் விபரம் எல்லாம் ஒரு கோவையில் இருக்கின்றன.

தயவுசெய்து தொலைபேசியில் கூப்பிட்டு பிளக் சரியாகச் செருகியிருக்கிறதா என்று திரும்பவும் கேட்க வேண்டாம். பிளேயர் சாமி அறை மேசையில், சீல் உடையாமல் இருக்கிறது. வருகிறவர் சின்னத் திருப்புளி ஒன்று கொண்டுவந்தால் போதும்.

இப்படிக்கு,
இணைத்த பற்றுச்சீட்டில் பெயருள்ள வாடிக்கையாளர்,
விசுவமடு.