விடுமுறையில் பிள்ளைகளைச் சித்த நேரம் சும்மா விடுங்க

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. விடைத்தாள் பற்றிய விவரமெல்லாம் கடைசியில் இருக்கிறது. அதற்கு முன் ஒரு விஷயம் பேச வேண்டும். கொஞ்சம் நீளமாகப் போகும். கம்பெனியிலிருந்து வந்து, கைகால் கழுவி, சாவகாசமாகப் படியுங்கள்.

போன மாதம் ஒன்பதாம் வகுப்பில் மதியம் முதல் பீரியடில் ஒரு பெண் மேசை மேல் தலையைச் சாய்த்துப் படுத்திருந்தாள். தூங்கவில்லை, கண் திறந்தேதான் இருந்தது. "ராத்திரி போன் பாத்தியா கண்ணு?" என்று கேட்டுவிட்டேன். அப்படிக் கேட்டதில் எனக்கு இன்னும் வருத்தம்தான். அவள் வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் அப்பாவோடு போய்விடும். ஒன்பது மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுகிற பிள்ளை. வீட்டை ஒட்டின செட்டில் நாலு தறி ஓடுகிறது. "தறி ஓடறப்ப நல்லாத் தூங்கிருவேனுங்க டீச்சர். கரண்ட் போயிச் சத்தம் நின்னாத்தான் முழிப்பு வந்துரும்" என்றாள்.

அன்றைக்கு அவளை நூலக அறையில் ஒரு பீரியட் தனியே உட்கார வைத்தேன். புத்தகம் எதையும் தொடவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்ததும் எழுந்து போய் இயற்கணிதத்தில் மூன்று கணக்குப் போட்டதாகக் கணக்கு டீச்சர் சொன்னார். ஒன்பது மணி நேரம் தூங்கியும் அவள் காது மட்டும் ஓயாமல் இருந்திருக்கிறது.

எங்க அப்பாருக்குக் காங்கயம் பக்கம் கொறங்காடு, அதாவது மாடு மேயும் புல் காடு, இருந்தது. உங்களில் சிலர் வீட்டில் இப்போதும் இருக்கும். காட்டைக் கிளுவை வேலி போட்டு மூன்று நான்காகத் தடுத்திருப்பார். ஒன்றில் மாடு மேயும்போது மற்றவற்றில் கொழுக்கட்டைப் புல் தழைத்து வரும். அது நிலத்துக்கு ஓய்வு. மாட்டுக்கு வேறு கணக்கு. நுகத்தடியிலிருந்து அவிழ்த்துவிட்டதோடு தன் வேலை முடிந்ததென்று அவர் நினைத்ததே இல்லை. தண்ணி காட்டுவார், மேய விடுவார், வெள்வேல் நிழலில் படுக்க விடுவார். படுத்த மாடு அசைபோட ஆரம்பித்துவிட்டால் யாரும் கிளப்பக் கூடாது. கிளப்பினால் வசவு விழும். மாடு ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசைபோடும். தின்றது உடம்பில் சேருவதே அதனால்தான்.

நம் பிள்ளைகளுக்கு நாம் தீனி போட்டுக்கொண்டே இருக்கிறோம். பள்ளி முடிந்தால் டியூஷன், டியூஷன் முடிந்தால் வீட்டுப்பாடம், நடுவில் இந்தி வகுப்பு, அபாகஸ். இதில் எங்கள் பங்கும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. அசைபோட நேரம் எங்கே?

தூக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வரை 8 முதல் 10 மணி நேரமும் தூங்க வேண்டும் என்று 2016-இல் அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் சொன்னது. பத்தாம் வகுப்புப் பிள்ளையை நாலு மணிக்கு எழுப்பிப் படிக்க வைக்கும் வீடுகள், அது எத்தனை மணிக்குப் படுத்தது என்பதையும் பாருங்கள். 1924-லேயே ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் மாணவர்களைப் பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்யவைத்துச் சோதித்தார்கள். படித்ததும் தூங்கியபோது நினைவில் நின்ற அளவு, விழித்திருந்தபோது நிற்கவில்லை.

கண்ணுக்கும் ஓய்வு உண்டு. கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும்போது கண்ணுக்குள் வில்லையைச் சுற்றியுள்ள தசை இறுகியே இருக்கும். இருபது அடிக்கு அப்பால் பார்த்தால்தான் அது தளரும். நம் பள்ளி மாடியில் நின்றால் சிவன்மலை தெரிகிறது. இடைவேளையில் பிள்ளைகளை மேலே அனுப்பி, "மலையப் பாத்துட்டு வாங்க" என்கிறோம். "எதுக்குங்க டீச்சர்?" என்று கேட்கிறார்கள். சும்மாதான்.

இனி போன். அதை ஓய்வு என்று நம்பி ஏமாந்தவர்களில் நானும் ஒருத்தி. ஒரு சனிக்கிழமை, சித்த நேரம் படுக்கலாம் என்று கட்டிலில் சாய்ந்து போனை எடுத்தேன். இரண்டு மணி நேரம் போய்விட்டது. சமையல், சண்டை, சாமி, யாரோ ஒருவர் வீட்டு வளைகாப்பு. எழுந்தபோது தலை கனத்தது. பார்த்ததில் ஒன்றும் நினைவில்லை. உடம்பு படுத்திருந்ததே தவிர, மனசு இருநூறு வாசல் ஏறி இறங்கியிருக்கிறது.

அம்மாக்களுக்கு ஒன்று. கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் துணி செக்கிங்கில் நின்றுவிட்டு வந்து, அடுப்பு முன் நின்று, "நாளைக்கு என்ன குழம்பு" என்று யோசிக்கிறீர்களே, அந்த யோசனையே தனி வேலை. விடுமுறையில் இரண்டு நாளாவது அதைப் பிள்ளைகளிடமும் அவர்கள் அப்பாவிடமும் விட்டுவிடுங்கள். தக்காளி ரசமும் அப்பளமும்தான் வரும், வரட்டும்.

அப்பிச்சி (அம்மாவின் அப்பா) வீட்டுக்கு அனுப்பினால் நல்லது. ஆனால் ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் கூடும் இடத்தில் "மார்க்கு எத்தனை, அவன் எத்தனை" என்ற விசாரணை வேண்டாம். சில பிள்ளைகள் படிப்பில் களைப்பதைவிடப் பதில் சொல்லியே களைக்கிறார்கள்.

பள்ளியின் பங்காக மூன்று செய்கிறோம். இந்த விடுமுறைக்கு வீட்டுப்பாடம் இல்லை. பத்தாம் வகுப்புக்கும் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் மாலை ஏழு மணிக்கு மேல் எங்களிடமிருந்து எதுவும் வராது, நீங்களும் அனுப்ப வேண்டாம். ஜனவரியிலிருந்து புதன்கிழமை கடைசி பீரியட் வேப்பமரத்தடியில் எல்லா வகுப்புக்கும் சும்மா இருக்கும் நேரம். "அதுக்குச் சிலபஸ் என்னங்க?" என்று ஒரு ஆசிரியர் கேட்டார். அவரையும் அங்கேயே உட்கார வைக்கப் போகிறேன்.

ஓய்வு கொடுத்தும் ஒரு பிள்ளை இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல், விளையாடப் போகாமல் ஒதுங்கியே இருந்தால், அதைச் சோம்பல் என்று விட்டுவிடாதீர்கள். என்னிடம் வந்து சொல்லுங்கள். அரசின் 14416 எண்ணில் மனநல ஆலோசகர்களிடம் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம்.

விடைத்தாள்கள் பள்ளி திறக்கும் அன்று தரப்படும். கையெழுத்துப் போட்டு மறுநாள் அனுப்பினால் போதும். மதியச் சாப்பாட்டுத் தட்டுகள் ஏழு, பெயர் வெட்டாதவை, அலுவலக அறையில் கிடக்கின்றன. ஒன்றின் விளிம்பு நசுங்கியிருக்கிறது. அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்